பார்வை நேரம்

குழந்தையின் துன்பம் என்று பேச்சு வந்தவுடன் நம் எழுத்தாளர்களுக்கு இவான் கரமசோவ் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறான். ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கேட்கும் பிரபஞ்ச ஒழுங்கு எனக்கு வேண்டாம் என்று அவன் ஒதுங்கிக்கொள்கிறான். நம்மில் பலர் இருபது வயதில் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தவர்கள். கேள்வி பெரியதுதான். ஆனால் அதன் பிரம்மாண்டம் நமக்கு ஒரு சௌகரியத்தையும் செய்து கொடுத்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். கடவுளிடம் கேட்ட கேள்விக்கு மனிதன் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வாசலில் கடவுள் நிற்பதில்லை, வாட்ச்மேன் நிற்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் பார்வை நேரம் எழுதியிருக்கிறது.

நோய் யாருடைய உத்தரவும் இல்லாமல் வருகிறது. நோயில் கிடக்கும் குழந்தையை அதன் மனிதர்களிடமிருந்து பிரித்துவைப்பது உத்தரவின் பேரில் நடக்கிறது. முதலாவதைத் தத்துவப் பிரச்னை என்றும் இரண்டாவதை நிர்வாகப் பிரச்னை என்றும் நாம் வகைப்படுத்தி வைத்திருக்கிறோம். அறவியலுக்கு உரிய விஷயம் இரண்டாவதுதான் என்பது என் கட்சி. முதலாவதில் குற்றவாளி இல்லை. இரண்டாவதில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் கெட்டவரும் அல்ல. அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது.

இதைப் பேச பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். நம்மூரைவிட அது கொடுமையான இடம் என்பதால் அல்ல. அங்கே பிரிவினை எழுத்தில், விதியாக, மணிக்கணக்கோடு இருந்தது. அதை எதிர்த்து வாதாடியவர்களும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நம்மிடம் இரண்டும் குறைவு.

1769-இல் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்கென்று ஒரு இலவச மருந்தகம் தொடங்கினார். குழந்தையைக் கொண்டுவரலாம், மருந்து வாங்கலாம், வீட்டுக்குத் திரும்பலாம். படுக்கை கிடையாது. படுக்கை போடச் சொன்னவர்களை அவர் எதிர்த்தார். நோயாளிக் குழந்தையைத் தாயிடமிருந்தோ வளர்த்தவளிடமிருந்தோ பிரித்தால் அதன் மனம் உடைந்துபோகும் என்பது அவர் சொன்ன காரணம். அவருக்கு ஆராய்ச்சி இல்லை, புள்ளிவிவரம் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். 1852-இல் சார்லஸ் வெஸ்ட், கிரேட் ஆர்மண்ட் தெருவில் 10 படுக்கைகளோடு குழந்தைகள் ஆஸ்பத்திரியைத் திறந்தார். காற்றில்லாத, வெளிச்சமில்லாத அறைகளில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நகரம் அது. ஆஸ்பத்திரி தேவைப்பட்டது. அது உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் படுக்கைகள் பெருகி, மருத்துவம் ஒரு ஸ்தாபனமாக வளர்ந்த அடுத்த நூறு வருஷங்களில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குத் தெரிந்திருந்த அந்தச் சாதாரண விஷயம் தெரியாத விஷயமாக ஆயிற்று. அறிவு கூடக் கூட ஒரு துறைக்குச் சில விஷயங்கள் மறந்துபோகின்றன. இலக்கிய விமர்சனத்தில் இருக்கும் நமக்கு இது புரியாத செய்தி அல்ல.

1949-இல் லண்டன் ஆஸ்பத்திரிகளின் பார்வை நேரங்களைத் திரட்டிய பட்டியல் ஒன்று ஸ்பெக்டேட்டர் பத்திரிகையில் வெளியாயிற்று. கைஸ் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை 2 மணி முதல் 4 மணி வரை. செயிண்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பார்வையே கிடையாது. மாலை 7-லிருந்து 8-க்குள் பெற்றோர் வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம். லண்டன் ஆஸ்பத்திரியில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். தூங்கும்போது பார்க்கலாம் என்ற விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அதை இயற்றியவர்களுக்குப் பெற்றோர் மேல் இரக்கம் இருந்திருக்கிறது. தாய்க்குக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழந்தைக்குத் தாயைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கில் வரவில்லை. பார்வை என்ற வினைக்குப் பெற்றோர் எழுவாய். குழந்தை வெறும் செயப்படுபொருள்.

விதிக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, வெளியிலிருந்து வருபவர்களால் தொற்று பரவும். இரண்டாவது, பெற்றோர் வந்துவிட்டுப் போனால் குழந்தைகள் அழுகின்றன. வராமல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் அமைதியாகிவிடுகின்றன. முதல் காரணம் பரிசோதித்துப் பார்க்கக்கூடியது. சிலர் பார்த்தார்கள். நியூகாஸிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920-களிலேயே தாய்மார்களைக் குழந்தைகளோடு தங்கவைத்தார். நியூஸிலாந்தில் பிக்கரில் தம்பதி, உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த சிசுக்களுக்கு அறுவை செய்தவர்கள், தொற்றைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு குழந்தையையும் அதன் தாயே பராமரிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். கட்டில் கட்டிலாகப் போய்வரும் பல கைகளைவிட ஒரே தாயின் கை சுத்தமானது என்பது அவர்கள் கண்டது. ஆக, முதல் காரணம் அப்போதே ஆட்டங்கண்டிருந்தது. இரண்டாவது காரணம் அப்படி ஆட்டங்காணவில்லை. அது நேரில் பார்த்த உண்மை. குழந்தைகள் நிஜமாகவே அமைதியாகிவிட்டன.

ஜேம்ஸ் ராபர்ட்ஸன் நுழைவது இந்த இடத்தில். அவர் டாக்டர் அல்ல. கிளாஸ்கோ பக்கத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, அனா ஃபிராய்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் நடத்திய யுத்தகாலக் குழந்தைகள் காப்பகத்தில் பாய்லர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அங்கே ஒரு நியமம் இருந்தது. சமையல்காரர், பாய்லர்காரர் என்ற பேதமில்லாமல் வேலை செய்யும் ஒவ்வொருவரும், குழந்தைகளிடம் கவனித்ததைச் சின்ன அட்டைகளில் எழுதிக்கொடுக்க வேண்டும். வியாக்கியானம் வேண்டாம், பார்த்ததை எழுது என்பது பாடம். எழுத்தாளனுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த பயிற்சி ஒரு பாய்லர்காரருக்குக் கிடைத்தது. 1948-இல் ஜான் போல்பி அவரை டாவிஸ்டாக் கிளினிக்கில் சேர்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் குழந்தைகளைக் கவனிக்க அனுப்பினார்.

அவர் வார்டில் பார்த்தது மூன்று கட்டங்கள். முதலில் குழந்தை அழுகிறது, கம்பியைப் பிடித்து உலுக்குகிறது, கதவையே பார்க்கிறது. பிறகு அழுகை தேய்கிறது. முனகல், மௌனம், கையில் ஏதோ ஒரு துணி. அப்புறம் ஒரு நாள் சிரிக்கிறது, சாப்பிடுகிறது, எந்த நர்ஸ் தூக்கினாலும் போகிறது. தாய் வந்தால் அவளைப் பொருட்படுத்துவதில்லை. இந்த மூன்றுக்கும் எதிர்ப்பு, நிராசை, பற்றறுதல் என்று அவர் பெயர் வைத்தார். வார்டில் ஏற்கெனவே வேறு பெயர்கள் இருந்தன. முதல் கட்டத்துக்குத் தொந்தரவு என்று பெயர். இரண்டாவதற்குப் பழகிக்கொண்டுவிட்டது என்று பெயர். மூன்றாவதற்கு நல்ல பிள்ளை. இரண்டு அகராதிகளும் ஒரே குழந்தையைப் பற்றியவை. விவரத்தில் வேறுபாடு கிடையாது, பொருள்கொள்வதில்தான். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இரண்டு வாசகர்கள் எதிரெதிராக நிற்பது போல.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் ஒரு காமிராவை எடுத்துக்கொண்டார். படம் பிடித்துப் பழக்கமில்லாதவர். 1952-இல் வெளியான அந்தப் படத்தில் இருப்பது 2 வயது 5 மாதமான லாரா என்ற சிறுமி. தொப்புள் குடலிறக்க அறுவைக்காக ஆஸ்பத்திரியில் 8 நாள். வேண்டுமென்றே பரிதாபமான குழந்தையாகத் தேர்ந்தெடுத்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார். அழும் நேரம் பார்த்துப் பிடித்தார் என்று சொல்லக்கூடாது என்பதற்காகத் தினமும் குறித்த நேரங்களில் மட்டும் பிடித்தார். வார்டின் கடிகாரமும் படத்தில் தெரியும்படி வைத்துக்கொண்டார். விதிவசமாக வாய்த்த குழந்தை அபூர்வமான கட்டுப்பாடுள்ளது. லாரா அதிகம் அழவில்லை. அவ்வப்போது முகம் கோணுகிறது, உடனே சரிசெய்துகொள்கிறாள். அம்மா எங்கே என்று சாதாரணமாகக் கேட்கிறாள், பதிலுக்குக் காத்திராதவள்போல. கடைசி நாள் தன் சாமான்களையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே நடக்கிறாள்; நீட்டிய தாயின் கையைப் பிடிக்கவில்லை.

1952 நவம்பரில் ராயல் மருத்துவச் சங்கத்தில் படத்தைத் திரையிட்டபோது கூடியிருந்த மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். குழந்தை மருத்துவத்தின் மேல் அவதூறு என்றார்கள். இந்தக் குழந்தை விதிவிலக்கு என்றார்கள். அவர்களில் ஒருவர் டெர்மட் மெக்கார்த்தி. கோபத்தோடு தன் வார்டுக்குத் திரும்பியவர், அங்கே பழைய குழந்தைகளையே பார்த்தார். பார்த்தபிறகு முன்போலப் பார்க்க முடியவில்லை. அமர்ஷாமில் அவருடைய வார்டில் தாய்மார்கள் தங்க ஆரம்பித்தார்கள். ராபர்ட்ஸன் தன் அடுத்த படத்தை 1958-இல் அங்கேதான் எடுத்தார். 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை, பார்வை நேரக் கட்டுப்பாட்டை எடுக்கவும் சிறு குழந்தைகளோடு தாயையும் அனுமதிக்கவும் அரசுக்குச் சிபாரிசு செய்தது. அறிக்கையை அரசு ஒப்புக்கொண்டது, ஆஸ்பத்திரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1961-இல் பாட்டர்ஸீயின் தாய்மார்கள் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, எந்த ஆஸ்பத்திரி அறிக்கையின்படி நடக்கிறது என்று போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கப்புறம்தான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அதில் இரண்டு உறுத்தல்கள் உண்டு.

முதலாவது, மௌனம் பற்றியது. நான் வேலை பார்க்கும் வங்கியில் கவுண்டர் ஓரத்தில் ஒரு புகார்ப் புத்தகம் கயிறு கட்டித் தொங்குகிறது. வருஷக் கடைசியில் அதில் பக்கங்கள் காலியாக இருந்தால், வாடிக்கையாளர்களுக்குக் குறையில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும். கையெழுத்துத் தெரியாதவர்கள், வரிசையில் நின்று அலுத்துப்போனவர்கள், கேட்டு என்ன ஆகப்போகிறது என்று திரும்பியவர்கள் எல்லாரும் அந்தக் காலிப் பக்கத்தில் திருப்தியடைந்தவர்களாகப் பதிவாகிவிடுகிறார்கள். ஸ்தாபனம் எதுவானாலும் மௌனத்தைச் சம்மதமாகவே படிக்கிறது. வேறு விதமாகப் படித்தால் அது தன்னைத்தானே விசாரித்துக்கொள்ள வேண்டிவரும். 2 வயதுக் குழந்தையின் மௌனத்தைக்கூட அப்படித்தான் படித்தார்கள் என்பது, படித்தவர்களின் குரூரத்தைக் காட்டவில்லை. இந்தப் படிக்கும் முறை எவ்வளவு ஆழத்தில் வேரோடியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அந்த நர்ஸ்கள் ராத்திரியெல்லாம் விழித்து உழைத்தவர்கள். உழைப்பு அவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிடவில்லை.

இரண்டாவது உறுத்தல் நிரூபணம் பற்றியது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னதை நிரூபிக்க 1952 வரை ஆயிற்று. கடிகாரத்தைச் சாட்சியாக வைத்துப் படம் பிடிக்கவேண்டியிருந்தது. ஆனால் பிரித்துவைத்தவர்களிடம் இதே நிரூபணத்தை யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை 2 மணியிலிருந்து 4 வரை என்ற விதிக்குப் பின்னால் என்ன ஆராய்ச்சி இருந்தது? எதுவும் இல்லை. அதிகாரம் வழக்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, எதிரிலிருப்பவனிடம் ஆதாரம் கேட்கிறது. கேட்கப்படுபவனும், நியாயமான கேள்விதானே என்று ஆதாரம் தேட ஓடுகிறான். ஓடத் தொடங்கியபோதே அவன் பாதி தோற்றுவிட்டான்.

ஓடியவர்கள் கொண்டுவந்த ஆதாரங்களைப் பாருங்கள். போல்பி 1944-இல் 44 சிறார் திருடர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சின்ன வயதில் தாயைப் பிரிந்திருந்ததற்கும் பின்னால் திருடியதற்கும் உள்ள உறவு அதில் பேசப்படுகிறது. 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கையும், தாயின் பராமரிப்பைப் பிற்கால மனநலத்தோடு சேர்த்தே பேசியது. இன்றைக்கு அழுகிற குழந்தைக்காக இப்படி வாதாடுகிறோம்: இதை அழவிட்டால் நாளைக்குத் திருடனாகும், ஜாக்கிரதை. வாதம் பலித்திருக்கலாம். அரசுகளுக்கு அந்த மொழிதான் கேட்கும். ஆனால் அதில் குழந்தை காணாமல் போகிறது. எதிர்கால வரவுசெலவில் ஒரு இனமாக மட்டும் அது மிஞ்சுகிறது. திருடனாகாமல் ஒழுங்காக வளர்ந்துவிடக்கூடிய குழந்தையின் இன்றைய அழுகைக்கு அப்படியானால் மதிப்பில்லையா? எட்டு நாளில் செத்துப்போகப்போகிற குழந்தைக்கு எந்த எதிர்காலத்தைக் காட்டி வாதாடுவது?

இதைப் போல்பிக்கு முன்பே யோசித்த ஒருவர் இருந்தார். வார்ஸாவில் யானுஷ் கோர்ச்சாக், 1905-லிருந்து 1912 வரை யூதக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்துவிட்டு அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் போனவர். முதல் உலக யுத்தத்தில் ராணுவ மருத்துவராக இருந்துகொண்டே எழுதிய புத்தகத்தில், குழந்தைக்கு மூன்று அடிப்படை உரிமைகளைச் சொல்கிறார்: சாகும் உரிமை, இன்றைய தினத்துக்கான உரிமை, தான் இருக்கிறபடியே இருக்கும் உரிமை. முதலாவது நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் இருந்தவருக்கு அது திடுக்கிட வைக்கும் விஷயமாக இருந்திருக்காது. சாவுக்குப் பயந்து குழந்தையை வாழவிடாமல் பொத்திவைக்காதே என்பது அதன் சாரம். இரண்டாவதுதான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. குழந்தை நாளைக்கு ஆகப்போகிற மனிதன் அல்ல, இன்றைக்கே மனிதன். 1942 ஆகஸ்டில், சுமார் 200 குழந்தைகளோடு அவர் ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். தனியாகத் தப்ப வாய்ப்பிருந்தும் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக மறுத்தார். அவர் கூடப் போனதால் ஒரு உயிரும் பிழைக்கவில்லை. பயனைக் கொண்டு கணக்கிட்டால் அந்தச் செய்கை பூஜ்யம். அது பூஜ்யம் என்று நம்மில் யாரும் சொல்லத் துணியமாட்டோம் என்றால், கூட இருப்பதற்குப் பயனைத் தாண்டி ஒரு மதிப்பு உண்டு என்று நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம்.

பயனைச் சொல்லக்கூடாது என்பதல்ல. 1978-79 வாக்கில், கொலம்பியாவின் பொகோட்டாவில், எட்கர் ரே ஸனாப்ரியாவும் ஹெக்டர் மார்ட்டினெஸும், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைக்கும் முறையை ஆரம்பித்தார்கள். காரணம் சித்தாந்தம் அல்ல, இன்குபேட்டர் பற்றாக்குறை. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று சிசுக்களைப் போட்டுத் தொற்றில் இழந்துகொண்டிருந்தார்கள். 2021-இல் இந்தியா உட்பட 5 நாடுகளில் 3,211 எடைகுறைந்த சிசுக்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. சிசுவின் உடல்நிலை நிலைப்படும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தபோது, முதல் 28 நாட்களில் சாவு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். இதற்காகத் தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போடவேண்டியிருந்தது. இந்த எண்களை நான் மரியாதையோடு படிக்கிறேன். நூறு சிசுக்களில் மூன்று நான்கு உயிர்கள் என்பது சாமான்யமான விஷயம் அல்ல. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எண்கள் இரண்டு பக்கமும் சமமாக வந்திருந்தால்? அப்போது தாயை வெளியே அனுப்பிவிடுவது சரியாகியிருக்குமா?

நம்மூருக்கு வருகிறேன். நம் அரசு ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் வார்டில் தாய் இருக்கிறாள், எப்போதும் இருந்திருக்கிறாள். ராபர்ட்ஸன் படத்தைப் பார்க்கும் தமிழனுக்கு, நம்மிடம் இந்தக் கொடுமை இல்லை என்று ஒரு பெருமிதம் எழக்கூடும். என் அக்கா மகன் டெங்குவில் ஒன்பது நாள் அப்படி ஒரு வார்டில் கிடந்தான். நான் தாய்மாமன், ஆண்பிள்ளை. பார்வை நேரத்துக்கு மட்டும் உள்ளே. மீதி நேரம் வேப்பமரத்தடியில் மற்ற அப்பாக்களோடு. அக்கா கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மூலைக் கட்டிலில் 4 வயதுப் பெண் குழந்தை. அதன் தாய் பிரசவமாகி வேறு கட்டடத்தில் கிடந்தாள். துணைக்கு இருந்தது கண் சரியாகத் தெரியாத பாட்டி. குழந்தை சத்தமே போடாது. ஊசி போட்டால்கூடக் கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்கும். "இந்த வார்டுலயே நல்ல புள்ள இதுதான்" என்று நர்ஸ் எல்லாரிடமும் சொல்வார். எதிர்க் கட்டிலுக்குத் துணை இருந்த பெண் கட்டட வேலைக்குப் போகிறவள். பாட்டி அவளிடம் முதலில் ஊரைக் கேட்டாள், பிறகு தெருவைக் கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாத்திரை வாங்கப் போகவேண்டியிருந்தபோது, "ஏத்தா, கொஞ்சம் பாத்துக்க" என்று அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்குப் பிடித்திருந்த தலையை வார ஆரம்பித்திருக்கிறாள். பாதி வாரும்போது குழந்தை அழத் தொடங்கியது. அன்று ராத்திரி முழுக்க, அம்மாவைக் கேட்டு, வார்டே விழித்துக்கொள்ளும்படி அழுதது. "சும்மா கெடந்த புள்ளையக் கெளப்பி விட்டுட்டியேம்மா" என்று நர்ஸ் கோபித்துக்கொண்டார். அக்காவும் இன்னும் நாலு பேரும் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மறுநாள் குழந்தை இட்லி கேட்டது.

அந்தப் பெண்கள் எந்தச் சித்தாந்தமும் படித்தவர்கள் அல்ல. நிராசைக்கும் அமைதிக்கும் உள்ள வித்தியாசம் அந்த அழுகையைக் கேட்டவுடன் அவர்களுக்குத் தெரிந்தது. யாராவது இருந்தால்தான் குழந்தை அழும். அழுகை ஒருவரை நோக்கியது; கேட்க ஆளில்லாத இடத்தில் அது வற்றிப்போகிறது. கூட இருப்பதன் அர்த்தம் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வலியைக் குறைப்பது மருந்தின் வேலை. கூட இருப்பவர் வலிக்கு ஒரு விலாசம் தருகிறார். அந்த விலாசம் பெற்ற தாயுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. தாய்மையைப் பீடத்தில் ஏற்றும் வேலையில் எனக்கு ஆர்வமில்லை. தெருப் பெயர் கேட்டு ஒதுக்கப்பட்ட ஒருத்திக்குத்தான் அன்று அது வாய்த்தது. வார்டில் உண்டான அந்தச் சமூகத்தையும் நான் பெரிதுபடுத்த மாட்டேன். டிஸ்சார்ஜ் ஆனபிறகு அவரவர் தெரு அவரவருக்கு.

இனிப் பெருமிதத்துக்கு வருவோம். அந்த வார்டில் தாய்க்கு அனுமதி இருந்தது, இடம் இருக்கவில்லை. பாய்க்கு அடியில் பினாயில் ஈரம். ஐம்பது பேருக்கு இரண்டு கழிப்பறை. நர்ஸ்கள் போதாததால் சொட்டு மருந்து தீர்ந்ததைப் பார்த்துச் சொல்வது, சிறுநீர் அளப்பது, ரத்தம் எடுத்த குழாயைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் வேலை. கூலியில்லாத ஊழியர் என்பதால்தான் அவளை உள்ளே வைத்திருக்கிறார்களே தவிர, குழந்தையின் உரிமை என்பதற்காக அல்ல. இதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி, அதே ஊரில் ஊழியர் பற்றாக்குறை இல்லாத இடங்கள். பணம் கட்டிச் சேர்க்கும் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. அங்கே தாய் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். 1949-இன் லண்டன், குளிர்சாதன வசதியோடு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நாம் சண்டை போடவில்லை; காசு கொடுத்துச் சேர்கிறோம். நம்மிடம் இருந்தது கொள்கை அல்ல, பற்றாக்குறை. பற்றாக்குறை தீர்ந்த இடத்தில் கூடவே தாயும் போய்விட்டாள்.

சிசுக்களின் பராமரிப்பில் குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்ள 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படாதிருக்கும் உரிமையைச் சொல்கிறது. அந்த உடன்படிக்கையின் முதல் வரைவை 1978-இல் முன்வைத்தது கோர்ச்சாக்கின் நாடான போலந்து. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் 2020-இல் கொரோனா வந்தபோது, தாயும் சிசுவும் சேர்ந்தே இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், பல நாடுகளில் பிறந்த குழந்தையை உடனே வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பயம் வந்தவுடன் கை முதலில் போவது கதவுத் தாழ்ப்பாளுக்குத்தான்.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்ல. அறுவைக் கூடத்துக்குள் தாய் வேண்டாம். தொற்று உண்மையான ஆபத்தாக இருக்கும் நோய்கள் உண்டு. பெற்றோராலேயே காயப்பட்டு வந்து சேரும் குழந்தைகள் உண்டு. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் கூட இருக்க முடியாத தாய்மார்கள் உண்டு. அவர்களுடைய மனச்சாட்சியின் மேல் இன்னொரு கல்லைத் தூக்கிவைப்பது என் நோக்கமல்ல. உரிமை குழந்தையுடையது என்றால் அதற்கான செலவு தாயின் தலையில் விழ நியாயமில்லை. கட்டில், சாப்பாடு, கழிப்பறை, போன கூலி, ராத்திரியில் தகப்பனுக்கும் இடம் எல்லாம் ஸ்தாபனத்தின் கணக்கில் வரவேண்டும். தாய் வர முடியாத குழந்தைக்கு, தினமும் அதே முகமாக ஒரு முகம் வரவேண்டும்.

இவை எல்லாமே விதிவிலக்குகள், ஏற்பாடுகள். நான் கேட்பது நிரூபணத்தின் பாரத்தை இடம் மாற்றி வைக்கும்படி. கூட இருப்பதற்குக் காரணம் கேட்கக்கூடாது. பிரிப்பதற்குத்தான் காரணம் கேட்கவேண்டும்: இந்தக் குழந்தையை, இன்றைக்கு, இத்தனை மணி நேரம், எதற்காக? காரணம் சரியாக இருந்தால் கதவை மூடட்டும். அது தீர்ந்ததும் திறக்கட்டும். மூடியவர் பெயரும் மூடிய நேரமும் கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரைப்போல எழுதப்படட்டும். அப்போது அது ஒருவர் எடுத்த முடிவு என்றாவது தெரியும். சுவர்ப் பலகை எடுத்த முடிவுக்கு இதுவரை யாரும் பொறுப்பேற்றதில்லை.